கறுப்பு மருதாணி

சைதாப்பேட்டை,
ஜனவரி 18

அன்புள்ள செல்விக்கு,

குட்டிப்பயல் பால் குடித்தான், மூத்திரம் போனான் என்று காலையில் மாப்பிள்ளை சொன்ன பிறகுதான் எனக்குக் காபி தொண்டையில் இறங்கியது. நேற்று போனில் நீ அழுததில் என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. எழுதித் தருகிறேன், அப்பா போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்.

"மூணு தடவையும் ரோட்டா வைரஸ் சொட்டு போட்டும் ஏன்மா இவனுக்குப் பேதி வந்தது?" என்றாய். 6, 10, 14 வாரத்தில் நீ அலைந்தது வீண் இல்லை. ரோட்டாவாக் என்ற அந்தச் சொட்டு மருந்தை நம் நாட்டில் சோதித்தபோது, முதல் வருஷத்தில் கடுமையான ரோட்டா பேதி பாதிக்கு மேல், 56 சதவீதம், குறைந்தது. சொட்டு போட்ட பிறகும் சில குழந்தைகளுக்கு வரத்தான் செய்யும். நம் பயல் டிரிப்ஸ் ஏற்றாமல் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டோடு புனே வீட்டுக்குத் திரும்பினானே, அதில் அந்தச் சொட்டுக்கும் பங்கு இருக்கலாம். பல் முளைப்பதால் பேதி என்று உன் மாமியார் சொல்வதைக் கேட்டுக்கொள், பதில் சொல்லாதே.

ஆனால் ஆய்வுக்கு மலம் கேட்ட டாக்டரம்மாவிடம் "யோசித்துச் சொல்கிறோம்" என்றாயாமே. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? உன்னை வளர்த்ததே அந்த டப்பாக்கள்தான்.

மார்கழி, தை வந்தால் நான் வேலை பார்த்த லேபில் பேதி வந்த குழந்தைகளின் மல டப்பா குவியும். வைரஸின் மரபுப் பொருளைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனை அப்போது எங்களிடம் கிடையாது. மலத்திலிருந்து வைரஸின் ஆர்.என்.ஏ.வை, அதாவது அதன் மரபுப் பொருளைப் பிரித்து, ஜெல் தகட்டில் மின்சாரம் பாய்ச்சி ஓட்டி, சில்வர் நைட்ரேட்டில் சாயம் ஏற்றுவோம். விரலெல்லாம் கறுத்துவிடும். "அம்மா கையில கறுப்பு மருதாணி" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாய். ஜெல்லைத் தூக்கி டியூப்லைட்டில் பிடித்தால் 11 கோடுகள்: மேலே 4, பிறகு 2, அப்புறம் 3, அடியில் 2. ரோட்டாவுக்கு மரபுத் துண்டுகள் 11, துண்டுக்கு ஒரு கோடு. அடிக்கோடுகள் வழக்கமான இடத்தில் இல்லை என்றால், "இது வேற ஆளுடி" என்போம், வேறு வகை ரோட்டா என்று அர்த்தம்.

இப்போது வைரஸின் வெளித்தோலில் இருக்கும் இரண்டு புரதங்களை வைத்து அதன் வகையை ஜி, பி என்று எண் போட்டுச் சொல்கிறார்கள். நம் நாட்டில் வெகுநாள் ஜி1பி8 தான் ராஜா. இப்போது பல ஊர்களில் ஜி3பி8 முந்திக்கொண்டது. ஜி9, ஜி12 என்று மற்றதும் உண்டு. இரண்டு வகை ஒரே குழந்தையின் குடலில் சந்தித்தால் உன் சட்டை எனக்கு, என் பாவாடை உனக்கு என்று துண்டுகளை மாற்றிக்கொள்ளும். மருந்து வருவதற்கு முன்பும் இந்த மாற்றம் நடந்ததுதான். அதனால் சொட்டுதான் ஜி3-ஐக் கொண்டுவந்தது என்று யாராவது சொன்னால் அவசரப்பட்டு நம்பாதே.

ரோட்டாவாக்கில் இருப்பது 1980-களில் டில்லியில் ஒரு பச்சைக்குழந்தையிடம் கிடைத்த ஜி9 வகை. மற்ற வகைகளையும் அது தடுக்கிறது. ஆனால் ஏதாவது ஒரு வகை மட்டும் அதற்குத் தப்பிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். எந்தெந்த வகை சுற்றுகிறது என்று பார்க்க, சொட்டு வருவதற்கு முன்பே, 2005-இல், மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் கண்காணிப்பு தொடங்கியது, வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியும் அதில் முன்னால் நின்றது. நம் தமிழ்நாட்டில் சொட்டு வந்தது 2017-இல். சொட்டு போட்டும் பேதி வந்த குழந்தையின் மலம்தான் அவர்களுக்கு ரொம்ப முக்கியம். அதாவது நம் பயலுடையது.

இன்னும் இரண்டு மூன்று தடவை போகிறான் என்றாய் அல்லவா, இன்றைக்கே எடு. டயாபர் எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும், அதனால் பிளாஸ்டிக் பக்கம் உள்ளே வரும்படி திருப்பிக் கட்டு. ஸ்பூனால் வழித்து, டப்பா மூடியை இறுக்கி, பெயரும் தேதியும் எழுதி, ஐஸ் பையோடு அன்றே கொடுத்துவிடு. ஃபிரிட்ஜில் வைத்தால் உன் மாமியார் என்னைத்தான் திட்டுவார்கள்.

ஜிங்க் மருந்தை 14 நாளும் கொடு, பேதி நின்றுவிட்டது என்று நடுவில் விட்டுவிடாதே. உச்சிக்குழி பள்ளமானாலோ, அழுதும் கண்ணீர் வராவிட்டாலோ எனக்குப் போன் செய்துகொண்டிராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடு.

ஜி எத்தனை, பி எத்தனை என்று சொன்னார்களானால் எனக்கு எழுது.

அம்மா