திண்டுக்கல் முதல் காட்பாடி வரை: ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

என் மகளுக்கு இப்போது ஒன்பது வயது. ஏழு வயதில் சிறுமூளையில் கட்டி வந்தது. மெடுல்லோபிளாஸ்டோமா என்கிற மூளைப் புற்றுநோய். அந்தப் பெயரைத் தப்பில்லாமல் சொல்லவே எனக்கு ஒரு வாரம் ஆனது.

முதல் நன்றி எங்கள் ஊர்க் கண் டாக்டருக்கு. இரண்டு மாதமாகக் காலையில் எழுந்ததும் வாந்தி, தலைவலி. பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. நடை தள்ளாடியபோது கண்ணில்தான் கோளாறோ என்று உங்களிடம் கூட்டி வந்தேன். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணாடி வேண்டாம்மா, இன்றைக்கே தலையை ஸ்கேன் எடுங்க" என்றீர்கள். ஃபீஸும் வாங்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்தக் கட்டியை எடுத்த பிள்ளைகள் சிலருக்கு இப்படி ஆகும், பேச்சு திரும்பும் என்று சொல்லிச் சொல்லி என்னைத் தாங்கிய வார்டு சிஸ்டர்களே, நீங்கள் சொன்னபடியே ஒரு விடியற்காலையில் "தண்ணி" என்றாள்.

அப்புறம் வேலூர். கதிர்வீச்சு சிகிச்சை தரும் ரேடியேஷன் டாக்டர் ஒரு தாளின் பின்பக்கம் படம் போட்டு விளக்கினார். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஒரே நீர்தான் ஓடுகிறது. கட்டியிலிருந்து உதிர்ந்த செல் எங்கே போய் ஒட்டியிருந்தாலும் ஸ்கேனில் தெரியாமல் போகலாம். அதனால் முதல் 13 நாள் தலையிலிருந்து முதுகின் அடி வரை, 23.4 கிரே (கதிர்வீச்சை அளக்கும் கணக்கு அது). அடுத்த 17 நாள் கட்டி இருந்த இடத்துக்கு மட்டும். அந்த இடத்துக்கு மொத்தம் 54. உயரம் குறையலாம், தைராய்டு மந்தமாகலாம், படிப்பில் வேகம் குறையலாம் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். அன்று அவர் மேல் கோபம்தான் வந்தது. இன்று அதற்கும் சேர்த்து நன்றி டாக்டர்.

மெஷின் அறையில் இருந்த டெக்னாலஜிஸ்ட் தம்பிக்குத்தான் இந்தக் கடிதத்தில் பாதி. தலையை அசையாமல் பிடிக்கும் முகமூடி செய்யும் நாளில் வெந்நீரில் ஊறி இளகிய அந்த வலைத் தகட்டைப் பார்த்ததுமே இவள் அலறினாள். நீ அவசரப்படவில்லை. ஒரு சின்னத் துண்டை முதலில் அவள் உள்ளங்கையில் வைத்து, "சூடா இருக்கா? இதோ இறுகுது பாரு" என்றாய். அது அவளுக்கு 'இடியாப்பத் தட்டு' ஆகிவிட்டது. அசையாமல் படுத்தால் மயக்க ஊசி வேண்டாம், தினமும் பட்டினி போட வேண்டாம் என்றார்கள். ஆனால் அந்தக் கனத்த கதவு மூடியதும் உள்ளே அவள் மட்டும்தானே!

வெளியே மைக்கை என் கையில் கொடுத்து எதையாவது பேசச் சொன்னாய். எனக்கு ஒரு கதையும் வரவில்லை. நாங்கள் வந்த ரயில் பாதைதான் வந்தது: திண்டுக்கல், வடமதுரை, அய்யலூர், மணப்பாறை... மூன்றாம் நாள் விருத்தாசலத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. நீ மைக்கை வாங்கி, ஸ்டேஷன் அறிவிப்புக் குரலில், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று விழுப்புரம், திருக்கோவிலூர், திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி வரை கொண்டுபோய்ச் சேர்த்தாய். அன்றிலிருந்து அது உன் வேலையாயிற்று. கடைசி 17 நாள் சிகிச்சை சீக்கிரம் முடிந்துவிடும். "இன்னைக்கு விழுப்புரத்துலயே இறக்கி விட்டுட்டாங்க" என்று அவளுக்கு ஒரே குறை. உள்ளே நீல வெளிச்சம் தெரிகிறது, பிளீச்சிங் பவுடர் வாசம் வருகிறது என்று அவள் சொன்னபோது நான் பயந்தேன். நிறையப் பேர் சொல்வதுதான் அக்கா என்று நீ சிரித்தாய். தீபாவளிக்கு விட்ட ஒரு நாளை ஈடுகட்ட சனிக்கிழமை வந்தீர்களே, அதையும் மறக்கவில்லை.

கம்ப்யூட்டரில் நாள்கணக்கில் உட்கார்ந்து அவள் முதுகெலும்புக்குக் கதிர் எப்படிப் பாய வேண்டும் என்று கணக்குப் போட்டவர்களை நான் பார்த்ததே இல்லை. உங்களுக்கும் நன்றி.

காந்தி ரோடு லாட்ஜில் பக்கத்து அறை வங்காளத்து அக்காவுக்கு இந்தக் கடிதத்தைப் படிக்கத் தெரியாது, யாராவது சொல்லுங்கள். எது கொடுத்தாலும் வாந்தியெடுத்த என் மகள், நீங்கள் டப்பாவில் நீட்டிய பொரியை மட்டும் சாப்பிட்டாள். உங்களுக்குத் தமிழ் வராது, எனக்கு வங்காளம் வராது. முடி கொத்தாக வந்த அன்று மட்டும் ஒன்றும் பேசாமல் கத்தரிக்கோலோடு வந்து நின்றீர்கள்.

புற்றுநோய்க்குச் சிகிச்சைக்குப் போகும் குழந்தைக்கு ஸ்லீப்பரில் கட்டணமில்லை, துணைக்குப் போகிறவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி என்று படிவத்தைத் தேடி எடுத்துக் கொடுத்த டிக்கெட் கவுன்ட்டர் அண்ணனுக்கும், கீமோ மாதங்களில் ரத்தத்தின் பிளேட்லெட் அணுக்களைக் கொடுத்த கல்லூரிப் பிள்ளைகளுக்கும், காது கொஞ்சம் மந்தம் என்றதும் முதல் பெஞ்சுக்கு மாற்றிய டீச்சருக்கும் நன்றி.

தை மாதம் ரிவ்யூவுக்கு வருகிறோம். எம்.ஆர்.ஐ., தைராய்டு, உயரம் எல்லாம் பார்க்க வேண்டும். தம்பி, அன்றைக்கு உள்ளே வேறு ஏதாவது குழந்தை படுத்திருந்தால் மைக் தனக்கு வேண்டும் என்கிறாள். ஸ்டேஷன்கள் அத்தனையும் மனப்பாடம்.