கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்த டீக்கடை அண்ணனுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

அன்புள்ள குதிரைக்கார உறவுகளுக்கு,

இதயத் துடிப்பு தாறுமாறாகிக் கால்நடை மருத்துவமனையில் இருந்த என் குதிரை செல்வி நேற்றுச் சாயங்காலம் லாயத்துக்குத் திரும்பிவிட்டாள். கொள்ளு தின்றாள். என் தோளில் மூக்கைத் தேய்த்தாள். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் நன்றி, மருத்துவமனை வாசலில் டீக்கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு. அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்று ராத்திரி மூக்கு வழியாகக் குழாய் விட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை குயினிடின் கொடுத்தார்கள். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருந்தால், அதை நிறுத்தி மறுபடி சீராக அடிக்க வைக்கும் மருந்து அது. ஆனால் அந்த மருந்தே நாடியைத் தாறுமாறாக ஏற்றிவிடலாம், மூக்குக்குள் வீங்கி மூச்சை அடைக்கலாம், வயிற்றாலும் போகலாம். ஒவ்வொரு வேளைக்கு முன்னாலும் டாக்டர் ஈசிஜி எடுத்தார். இடைநேரத்தில் நாடியை எண்ணி எழுதச் சொல்லி என் கையில் ஒரு நோட்டைக் கொடுத்தார். "நூறைத் தாண்டினா உடனே கூப்பிடுங்க."

என் போனில் சார்ஜ் இல்லை. வாட்ச் கட்டும் பழக்கமும் இல்லை. எதிரே ஓடி, "செகண்ட் முள் இருக்கற கடிகாரம் யார்கிட்டயாவது கிடைக்குங்களாண்ணா?" என்று கேட்டேன். எதற்கு என்றார். சொன்னேன். பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறி, சுவரில் இருந்த கடிகாரத்தைக் கழற்றி, தோள் துண்டால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து நீட்டினார். புகையில் கறுத்துப்போன சுவரில், அது இருந்த இடம் மட்டும் வெள்ளையாக, வட்டமாகத் தெரிந்தது. "குதிரைக்குச் சரியாகட்டுங்க, அப்புறம் குடுங்க" என்றார்.

அதைத் தூணில் மாட்டினேன். தாடை எலும்புக்கு அடியில் விரல் வைத்தால் சின்னக் கயிறு மாதிரி நாடி உருளும். இரண்டு அடி சேர்ந்து வரும், அப்புறம் நீண்ட இடைவெளி, ஒன்று, மறுபடி மூன்று. நல்ல குதிரைக்கும் சும்மா நிற்கும்போது இடையில் ஒரு அடி விட்டுப்போவது உண்டு, நடத்தினால் சரியாகிவிடும், அது நோயில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். செல்வியுடையது அந்த ரகம் இல்லை. 52, 60, 84, 72 என்று எழுதிக்கொண்டே போனேன். விடிகாலை நாலு மணிக்கு மேல் எண்ணும்போது விரலில் ஏதோ வித்தியாசம். முதலில் பிடிபடவில்லை. அடுத்த அடி எப்போது வரும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. அதுதான் வித்தியாசம். டாக்டர் ஓடி வந்து ஈசிஜி பார்த்து, "பி அலை வந்திருச்சுங்க" என்றார். மேலறைகள் ஒழுங்காகச் சுருங்கும்போது ஈசிஜியில் தெரியும் சின்ன மேடு அது.

கடிகாரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அண்ணன் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். "எப்படி இருக்குதுங்க?" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை, அழுதுவிட்டேன். ஒரு டீ போட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

அன்று கண் மூடாமல் நின்ற டாக்டருக்கும், குழாயைப் பிடித்துக்கொண்ட மாணவப் பிள்ளைகளுக்கும் நன்றி. பவானியிலிருந்து வைக்கோல் பரப்பி, வழி நெடுக ஹாரனே அடிக்காமல் வண்டி ஓட்டி வந்த தம்பிக்கு நன்றி. குயினிடின் மாத்திரைக்காக ஊர் ஊராக மருந்துக் கடை ஏறி இறங்கியவர்களே, அது சிங்கோனா மரப்பட்டையில் இருந்து வருவதாம். காய்ச்சல் மருந்துக்காக நம் நீலகிரியில் வெள்ளைக்காரன் காலத்தில் நட்டார்களே, அதே மரம். பணம் அனுப்பியவர்கள், கோயிலுக்கு நேர்ந்துகொண்டவர்கள், எல்லோரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மூன்று மாதமாக ரேக்ளாவில் அவள் பின்தங்கிக்கொண்டே வந்தாள். நிற்கும்போது ஒரு குறையும் தெரியாது, ஓட்டத்தில்தான் மூச்சு வாங்கும். சோம்பல் என்று நினைத்துச் சவுக்கை எடுத்தேன். இதயம் தடுமாறிக்கொண்டிருந்த குதிரையை அடித்திருக்கிறேன். இனி என் லாயத்தில் சவுக்கு இருக்காது. தினமும் தீனிக்கு முன்னால் நாடி எண்ணுவேன். ஓய்வில் நிற்கும் குதிரைக்கு நிமிஷத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கலாம். செல்விக்கு இன்று காலை 36. அந்த நடுக்கம் திரும்பவும் வரக்கூடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அதனால் ஒரு நாளும் விடமாட்டேன்.

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு வருவேன். செல்வியை நான் வாங்கியதே அங்கேதான். உங்கள் குதிரையோடு வாருங்கள், நாடி எங்கே ஓடுகிறது என்று உங்கள் விரலைப் பிடித்து வைத்துக் காட்டுகிறேன். செகண்ட் முள் இருக்கிற கடிகாரம் நான் கொண்டுவருகிறேன்.