மேசைக்கால் சீரமைப்பு, மாதிரி புல்லட் மோட்டார் சைக்கிள் உருவாக்கம் ஆகிய இரு பணிகளிலும் உள்ள குறைபாடுகள் குறித்த புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
பழம்பொருள் சீரமைப்பு நிறுவனம்,
கோயம்புத்தூர்.

நாள்: 10.01.2025

பொருள்: ஒப்பந்தத்துக்கு மாறாகச் செய்யப்பட்ட பணிகள், எனக்குச் சொந்தமான பழைய மேசைக்கால்களைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். கடந்த 2024ஆம் ஆண்டு மே மாதம் தங்கள் நிறுவனத்திடம் இரண்டு பணிகளை ஒப்படைத்தேன். எங்கள் வீட்டு ஈட்டி மர உணவு மேசையின் பழுதடைந்த கால்களைச் சீர்செய்வது ஒன்று. 1955ஆம் ஆண்டு வாக்கில் ஓடிய புல்லட் 350 வண்டியின் மாதிரியில் ஒரு மோட்டார் சைக்கிளை உருவாக்கித் தருவது மற்றொன்று. மேசைக்கு 42,000 ரூபாயும் வண்டிக்கு 2,85,000 ரூபாயும் பாக்கியின்றிச் செலுத்தியிருக்கிறேன். இரண்டும் அக்டோபர் மாதம் ஒரே லாரியில் குன்னூருக்கு வந்து சேர்ந்தன. அதன் பிறகு நான் தொலைபேசியில் தெரிவித்த குறைகளுக்கு ஒவ்வொரு முறையும் வெவ்வேறு ஊழியர் வெவ்வேறு பதில் சொல்லி வருவதால், அனைத்தையும் எழுத்தில் பதிவு செய்கிறேன்.

முதலில் மேசையைப் பற்றி எழுதுகிறேன், ஏனெனில் அதில் நேர்ந்திருக்கும் இழப்பைப் பணத்தால் மட்டும் ஈடுசெய்ய இயலாது. தேயிலைத் தோட்ட பங்களா ஒன்றின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது என் தாத்தா எடுத்த மேசை அது. நான்கு கால்களும் கடைசல் வேலைப்பாடு உடையவை; ஒவ்வொன்றின் அடியிலும் பித்தளை உருளை உண்டு. தரை கழுவும் தண்ணீர் நெடுங்காலம் ஊறியதில், சமையலறைப் பக்கம் இருந்த இரண்டு கால்களின் அடிப்பகுதி மட்டும் உளுத்திருந்தது. பழுது நான்கு அங்குலத்துக்கு மேல் ஏறவில்லை என்று தங்கள் ஊழியரே உளி முனையால் குத்திப் பார்த்து எழுதிக் கொடுத்த மதிப்பீடு என்னிடம் இருக்கிறது. உளுத்த பகுதியை மட்டும் அறுத்து நீக்கி, பழைய கட்டடங்களிலிருந்து பிரித்தெடுத்த ஈட்டி மரத் துண்டுகளை ரேகை பொருந்துமாறு சாய்வாகச் சீவி இணைத்து, வஜ்ஜிரத்தால் ஒட்டி, அரக்கு பாலிஷ் கொடுப்பது என்பதே அதில் கண்ட வேலை. மற்ற இரண்டு கால்களில் வேலை எதுவும் தேவையில்லை என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது.

வஜ்ஜிரத்தை நான் வற்புறுத்தியதற்குக் காரணம் உண்டு. விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் அந்தப் பசை வெந்நீரும் சூடும் பட்டால் இளகிவிடும் என்பதால், பின்னாளில் மீண்டும் பழுது வந்தாலும் மரத்துக்குச் சேதமின்றி இணைப்பைப் பிரிக்கலாம். எபாக்சி என்ற செயற்கைப் பசை பூசிய இணைப்பைப் பிரிக்க முயன்றால் பெரும்பாலும் பசை விடுவதற்கு முன் மரம் பிளந்துவிடும். பழைய மரச்சாமான்களைச் சீர்செய்வதைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியிருப்பதே வருத்தத்துக்குரியது.

வந்து சேர்ந்த மேசையில் இருந்தவை நான்கு புதிய கால்கள். பார்வைக்குப் பழையவை போலவே இருக்கும்படி கறுப்புச் சாயமும் பாலிஷும் திறமையாக ஏற்றப்பட்டிருந்ததால் தொடக்கத்தில் எவருக்கும் ஐயம் எழவில்லை. நவம்பர் மாதம் வடகிழக்குப் பருவமழை வலுத்தபோது மேசை ஆடத் தொடங்கியது. உள்ளூர் ஆசாரி ஒருவரை அழைத்து மேசையைக் கவிழ்த்துப் பார்த்தோம். கால்களின் அடிப்பகுதியில் சாயம் ஏறாத இடத்தில் வெளிறிய இளஞ்சிவப்பு மரம் தெரிந்தது. அதை இழைப்புளியால் மெல்லிய சீவலாகச் சீவியதும் சல்லாத்துணி போன்ற புள்ளிக் கோலம் வெளிப்பட்டது. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்த எவருக்கும் அது எந்த மரம் என்று சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்தில் நிழலுக்காக வரிசையாக நட்டு வளர்க்கும் சில்வர் ஓக் அது. நீலகிரியிலிருந்து ஈட்டி மரக் கால்களை இறக்கி, சில்வர் ஓக் கால்களை நீலகிரிக்கே ஏற்றி அனுப்பியிருக்கிறீர்கள்.

இது தோற்றம் பற்றிய குறை மட்டும் அன்று. உலர்ந்த ஈட்டி மரம் கன மீட்டருக்கு 800 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. சில்வர் ஓக் 600 கிலோவை எட்டுவதே அரிது. தடித்த ஈட்டிப் பலகையால் ஆன மேல்பரப்பை இந்த மென்மையான மரம் ஏற்கனவே தாங்க முடியாமல் இருக்கிறது. அதைவிட மோசமானது, கால்களுடன் பொருந்தியிருந்த மேல் சட்டங்களின் கழுந்துகளை, அதாவது கால்களின் துளைகளில் நுழையும் முனைகளை, அறுத்துவிட்டு, இரும்புத் தகடும் திருகாணியும் எபாக்சியும் கொண்டு புதிய கால்களைப் பொருத்தியிருப்பது. மதிப்பீட்டில் குறிப்பிடாத, பழுதே இல்லாத சட்டங்களுக்கும் இதனால் சேதம் விளைந்திருக்கிறது. பழைய கால்களை நீங்கள் திருப்பித் தந்தாலும், அந்தச் சட்டங்களுக்குப் புதிதாகக் கழுந்து வைத்த பிறகே அவற்றை மீண்டும் பூட்ட இயலும்.

மலையின் ஈரப்பதத்தால் மரம் உப்புவது இயற்கை, அதற்கு நிறுவனம் பொறுப்பாகாது என்று தங்கள் ஊழியர் ஒருவர் பதில் அளித்தார். மரம் அகலவாக்கில் உப்பும், நீளவாக்கில் ஏறத்தாழ மாறாது என்பது தச்சுத் தொழிலின் முதல் பாடம்; அதற்கு இடம் கொடுத்துத்தான் கழுந்தும் துளையும் அமைக்கிறார்கள். அதே உணவு அறையில் இரண்டு பருவமழைகளையும் ஜனவரிக் குளிரையும் தலைமுறைக் கணக்கில் கண்ட மேசை அது. இந்த மழையிலும் அதன் மேல்பலகை இம்மியும் விலகவில்லை. ஆடியவை நீங்கள் பூட்டிய கால்கள்தான். எனவே ஈரப்பதத்தின் மீது பழியைப் போடுவதை நான் ஏற்க இயலாது.

பழைய கால்கள் எங்கே என்று கேட்டதற்கு, கழிவு மரத்தோடு போய்விட்டன என்று ஒருவரும், கிடங்கில் இருக்கலாம் என்று இன்னொருவரும் கூறினார்கள். மாற்றப்பட்ட பாகங்கள் வாடிக்கையாளருக்கே சொந்தம். அவற்றை நான் தங்களுக்கு விற்கவும் இல்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை. கடைசல் வேலைப்பாடுள்ள பழைய ஈட்டிக் கால்களுக்குச் சந்தையில் என்ன விலை கிடைக்கும் என்பது என்னைவிடத் தங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகையால் கழிவு என்ற விளக்கத்தை நம்புவது எனக்குக் கடினமாக இருக்கிறது.

இனி மோட்டார் சைக்கிள். இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955இல் கைகோத்து, சென்னையில் பாகங்களை ஒன்றுசேர்த்துப் புல்லட்டைத் தயாரிக்கத் தொடங்கிய காலத்து வண்டியே மாதிரியாக ஒப்புக்கொள்ளப்பட்டது. 70 மி.மீ. உள்விட்டமும் 90 மி.மீ. வீச்சும் கொண்ட 346 சி.சி. வார்ப்பிரும்பு சிலிண்டர் இயந்திரம், நான்கு வேக கியர்ப் பெட்டி, வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக், நியூட்ரல் ஃபைண்டர், 19 அங்குலச் சக்கரங்கள், கையால் இழுத்த கோடுகளுடன் பெட்ரோல் டாங்க் என்று ஒப்பந்தத்தில் வரிசையாகக் குறிப்பிட்டிருக்கிறது. பிற்காலத்து வண்டி ஒன்றை அடிப்படையாகக் கொண்டே இதைச் செய்வீர்கள் என்பதும் அதில் உண்டு. அதில் எனக்கு மறுப்பு இல்லை. டாங்கின் கோடுகள் மிக நேர்த்தியாக இருக்கின்றன. அவற்றை இழுத்தவருக்கு என் பாராட்டைத் தெரிவியுங்கள்.

ஆனால் கியர்ப் பெட்டி ஒப்பந்தப்படி இல்லை. இடக்காலில் இயங்கும் ஐந்து வேகப் பெட்டி ஒன்றைப் பொருத்திவிட்டு, அதன் பக்கத்தில் நியூட்ரல் ஃபைண்டர் நெம்புகோலை வெறும் காட்சிக்காகப் பற்றவைத்திருக்கிறீர்கள். இரண்டாவது கியரிலோ அதற்கு மேலோ ஓடும் வண்டியை ஒரே மிதியில் நியூட்ரலுக்குக் கொண்டுவருவதுதான் அந்த நெம்புகோலின் வேலை. வண்டிகள் வரிசைகட்டி நின்று நகரும் மலைப்பாதையில் அது பெரிய வசதி. எங்கள் வண்டியில் அதை எவ்வளவு மிதித்தாலும் உள்ளே எதுவும் அசைவதில்லை. பெட்டி கிடைக்கவில்லை என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் விலையைக் குறைத்துப் பேசியிருக்கலாம். இல்லாததை இருப்பதுபோல் காட்டுவதற்கு நான் பணம் தரவில்லை.

கார்புரேட்டரும் சமவெளிக்கு ஏற்றபடியே விடப்பட்டிருந்தது. குன்னூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். காற்று குறைந்து பெட்ரோல் மட்டும் அதே அளவில் போனால் கரும்புகை வரும், பிளக்கில் கரி படியும். பழைய வண்டி என்றால் புகைக்கத்தான் செய்யும் என்று தங்கள் ஊழியர் சொன்னார். பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டைக் கழற்றி, இங்குள்ள மெக்கானிக் அதைவிடச் சிறிய ஒன்றைப் பொருத்தியதும் புகை நின்றது. வண்டி எந்த ஊரில் ஓடப்போகிறது என்பது ஒப்பந்தத்தின் முதல் வரியிலேயே இருந்தது.

உயிருக்கு ஆபத்தான குறை முன்சக்கரப் பிரேக்கில் இருந்தது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பாதையில், பர்லியாறை நெருங்கும்போது முன்பிரேக் பிடி கைப்பிடியைத் தொடும் வரை வந்தும் வண்டியின் வேகம் குறையவில்லை. கியரைக் குறைத்தும் பின்பிரேக்கை மிதித்தும்தான் நிறுத்த முடிந்தது. அக்காலத்து ஆறு அங்குல டிரம் பிரேக் இன்றைய டிஸ்க் பிரேக் போலப் பிடிக்காது என்பதை நான் அறிவேன். புகார் அதைப் பற்றியது அன்று. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோது, டிரம்மில் உரசிச் சக்கரத்தை நிறுத்தும் லைனிங்கின் நுனிகள் மட்டும் தேய்ந்து பளபளத்திருந்தன, நடுப்பகுதி டிரம்மைத் தொட்டதற்கான தடயமே இல்லை. டிரம் வட்டம் பிசகியிருந்தது. ஸ்போக் கம்பிகளை இழுத்துக் கட்டும்போது டிரம் சற்றே கோணிக்கொள்வது உண்டு என்பதால், கட்டி முடித்த பிறகு அதை லேத்தில் ஏற்றி உள்வட்டத்தைக் கடைந்து சரிசெய்ய வேண்டும். கடையத் தேவையில்லாத மேசைக்கால்களைக் கடைந்தவர்கள், கடைந்தே ஆக வேண்டிய டிரம்மைக் கடையாமல் அனுப்பியிருக்கிறார்கள். அன்று முதல் வண்டியைச் சாலையில் எடுக்கவில்லை.

பதிவு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வண்டிக்கு விண்டேஜ் பதிவு எண் வாங்கித் தருவதாகத் தங்கள் விற்பனைப் பிரிவு எனக்கு எழுதிய மின்னஞ்சல் இருக்கிறது. 2021இல் வெளியான விதிகளின்படி அந்தப் பதிவு, முதல் பதிவு முடிந்து 50 ஆண்டுகளைக் கடந்த, மூல வடிவம் மாறாத வண்டிகளுக்கே உரியது. புதிதாக உருவாக்கிய மாதிரிக்கு அது கிடைக்க வழியே இல்லை. இத்தகைய உறுதிமொழி 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற வணிக நடைமுறை என்பதன்கீழ் வரும்.

ஆகவே நான் கோருவது இவையே. நான்கு பழைய கால்களையும், உளுத்த துண்டுகள் உட்பட, எந்த நிலையில் இருந்தாலும் அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும். மேசை வேலைக்குப் பெற்ற 42,000 ரூபாயை முழுமையாகத் திருப்பித் தருவதோடு, அறுக்கப்பட்ட சட்டங்களைச் சீர்செய்ய இங்குள்ள ஆசாரி கொடுத்துள்ள மதிப்பீட்டுத் தொகையையும் ஏற்க வேண்டும். அந்த மேசையில் தங்கள் பட்டறை மீண்டும் கை வைப்பதை நான் விரும்பவில்லை. மோட்டார் சைக்கிளைத் தங்கள் செலவில் ஏற்றிச் சென்று, முன்சக்கரத்தையும் டிரம்மையும் சரிசெய்து, ஒப்பந்தப்படி நான்கு வேகப் பெட்டியைப் பொருத்தித் தர வேண்டும். இயலாதெனில் அதற்குரிய விலை வேறுபாட்டைத் தர வேண்டும். விண்டேஜ் பதிவு குறித்த உறுதிமொழியை எழுத்துப்பூர்வமாகத் திரும்பப் பெற வேண்டும்.

வரும் ஜனவரி 31ஆம் தேதிக்குள் எழுத்து வடிவில் பதில் வராவிட்டால், உதகமண்டலத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன். புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர 2019ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் கட்டணமும் இல்லை. மதிப்பீடு, ஒப்பந்தம், ரசீதுகள், மின்னஞ்சல், கால்களையும் டிரம்மையும் எடுத்த புகைப்படங்கள், ஆசாரியின் மதிப்பீடு ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். சீவிய மரத்துண்டும் கழற்றிய லைனிங்கும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. தங்கள் பிரதிநிதி எவரும் நேரில் வந்து பார்க்கலாம்.

பழைய கால்களை அனுப்பும்போது பித்தளை உருளைகளைக் கழற்றித் தனியே பொதிந்து அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
குன்னூர்.