ஆசிரியர் வீட்டுச் சுவரில் அந்தப் படம் நிலைக்க

ஐயா,

ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளி ஆசிரியர் அய்யாதுரை சாலமனை அப்துல் கலாம் கடைசிவரை மறக்கவில்லை. அதே பாசத்தில்தான் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகள் வகுப்பாசிரியருக்குக் குரூப் போட்டோவை ஃப்ரேம் போட்டுத் தருகிறார்கள். மண்டபம், பாம்பன் பக்கத்து ஈர உப்புக்காற்றில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் முகங்கள் உரிந்து வரும், பார்க்கவே மனம் பொறுக்காது. படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே 2 மில்லிமீட்டர் கனத்தில் அட்டை விளிம்பு வைக்க ஃப்ரேம் போடுபவரிடம் சொல்லுங்கள். மாட்டும் இரும்பு ஆணி துருப்பிடித்துவிடும், பித்தளையே நல்லது. கடலைப் பார்த்த சுவர் வேண்டாம்.

படத்தின் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் எழுதினால் அழுத்தம் முன்பக்கம் தழும்பாகத் தெரியும். தனித்தாளில் பென்சிலால் வரிசைப்படி பெயர்களை எழுதிப் பின்னட்டையில் ஒட்டுங்கள். ஓரத்தில் நிற்கும் சத்துணவு அக்காவின் பெயரும் விடுபடக் கூடாது.

- வாசகர்கள், மண்டபம்