டீசல் ஒழுகுவது டிரைவர் காலில் மட்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பார்சல் நிறுவனங்களின் எரிபொருள் செலவு பற்றிய ஞாயிறு இணைப்புக் கட்டுரையில், "ஓட்டுநர்கள் பொறுப்பாக ஓட்டினாலே போதும், டீசல் தானாக மிச்சமாகும்" என்று ஒரு வரி. ஏசி அறையில் உட்கார்ந்து எழுதினால் எல்லாம் தானாகத்தான் நடக்கும்.

டிரைவர் சாவியைத் திருகும் முன்பே குடோனில் நஷ்டம் ஆரம்பமாகிவிடுகிறது, ஐயா. முதலில் இறக்க வேண்டிய பெட்டி கடைசியில் ஏற வேண்டும். கைக்கு வந்ததை அள்ளிப் போட்டால், எங்கள் கடலூரில் மஞ்சக்குப்பத்துப் பெட்டி செம்மண்டலம் வரை ஊர்வலம் போய்விட்டு வரும். கிளம்பும் முன் ஒரு போன் போடாததால் பூட்டிய வீட்டுக்கு மறுநாளும் அதே தூரம். இந்த இரண்டாம் நடைதான் பெரிய ஓட்டை. கட்டுரையில் அதைப் பற்றி மூச்சே இல்லை. "ஒரு மணி நேரத்தில் டெலிவரி" என்று அரை லோடோடு வண்டியை விரட்டுவது நிறுவனம், பழி டிரைவருக்கு. அந்த விளம்பரமும் உங்கள் முதல் பக்கத்தில்தான் வந்தது.

புதுச்சேரியில் டீசல் மலிவு என்று எல்லையிலுள்ள முள்ளோடை தாண்டிப் போய் நிரப்புவதைச் சிக்கனம் என்று முன்பு ஒருமுறை பாராட்டினீர்கள். லிட்டருக்கு 5 ரூபாய் மிச்சம் என்றே வையுங்கள், 20 லிட்டருக்கு 100 ரூபாய். முதுநகர் குடோனிலிருந்து போய்வர 20 கி.மீ.க்குக் குறையாது. லிட்டருக்கு 15 கி.மீ. தரும் வண்டி அதற்கே ஒன்றேகால் லிட்டருக்கு மேல் குடித்துவிடும். அந்தப் பக்கம் டெலிவரி இருந்தால் நிரப்பட்டும். அதற்கென்றே ஓடினால் கைநஷ்டம்தான்.

டிரைவருக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகம்தான் சிக்கனம் என்று மத்திய அரசின் எரிபொருள் சேமிப்பு அமைப்பான பிசிஆர்ஏ வெகுகாலமாகச் சொல்லிவருகிறது. இறக்கும் இடத்தில் இன்ஜினை ஓடவிட்டால் பிக்கப் வண்டி மணிக்கு அரை லிட்டருக்கு மேல் சும்மா எரிக்கும். ஆனால் பேட்டரி வீக், செல்ஃப் எடுக்காது என்பதால் அணைக்கப் பயப்படும் டிரைவர்கள் எத்தனை பேர்! பேட்டரி வாங்கித் தர வேண்டியது யார்?

காற்று விஷயத்துக்கு வருவோம். டயர் குளிர்ந்திருக்கும் காலையில்தான் பார்க்க வேண்டும். ஓடிய டயர் சூட்டில் நாலைந்து பாயிண்ட் கூடுதலாகக் காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் குறைந்த காற்றில் ஓடும். பின் சக்கரத்துக்கு லோடு அளவைப் பார்த்து, கம்பெனி ஸ்டிக்கரில் உள்ளபடி பிடிக்க வேண்டும்.

அதைவிட மோசம் பிரேக் பிடிமானம். நம் கடற்கரை உப்புக்காற்றில் ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்து முழுதாகத் திரும்பாது, பின் பிரேக் லேசாகப் பிடித்தபடியே ஓடும். ஜாக்கியில் தூக்கி, கியரை நியூட்ரலில் போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் தெரிந்துவிடும். ஓடி வந்ததும் ஒரு டிரம் மட்டும் மற்றதைவிடச் சூடாக இருந்தால் அதுதான் குற்றவாளி. மின்வண்டி வந்தால் எல்லாம் தீரும் என்று போன வருஷம் எழுதினீர்களே, இந்தக் கோளாறோடு ஓடினால் அதற்கும் சார்ஜ் பாதி வழியில்தான் நிற்கும்.

இதெல்லாம் தெரிய முதலில் மைலேஜ் அளக்க வேண்டும். ஒரே பெட்ரோல் பங்கில், பம்ப் தானாக நிற்கும் வரை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறையும் அப்படியே நிரப்பினால் போட்ட லிட்டரே செலவான லிட்டர். டீசல் மீட்டர் முள்ளைப் பார்த்துச் சொல்வது ஜோசியம். குடோன் கரண்டுக்கும் ஒரு வார்த்தை: சோக் வைத்த பழைய 40 வாட் டியூப்பை மாற்றி 20 வாட் எல்இடி போட்டாலே பாதிக்கு மேல் குறையும்.

இதே விஷயங்களை இரண்டு முறை எழுதியும் தாங்கள் பிரசுரிக்கவில்லை. இடப் பற்றாக்குறையாக இருக்கும். இம்முறை இந்த மைலேஜ் கணக்கை மட்டுமாவது நாலு வரியில் போட்டால் போதும்.

பி.கு.: விடியற்காலையில் உங்கள் பத்திரிகைக் கட்டு இறக்கும் வண்டிக்கு வலது பின் டயரில் காற்று குறைவு. பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பார்சல் வண்டிப் பட்டறைக்காரர்,
கடலூர் முதுநகர்.