கிளிக்கூண்டு வாங்கும் முன் வீட்டைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முழு ஆண்டுத் தேர்வு முடிந்துவிட்டால் போதும், பாரிமுனைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் பறவை விற்கும் இடங்களில் பிள்ளைகளோடு வரும் பெற்றோரின் கூட்டம் கூடிவிடுகிறது. பறவை, கூண்டு, ஒரு கிலோ தினை என்று மூன்றையும் ஒரே மூச்சில் வாங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறிவிடுகிறார்கள். அந்தப் பறவை போய்ச் சேரப்போகும் வீட்டைப் பற்றி விற்பவர் கேட்பதில்லை; வாங்குபவரும் யோசிப்பதில்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் பல ஆண்டுகளாகக் காக்டெய்ல் என்னும் சிறிய கொண்டைக் கிளி வளர்த்து வருபவன் என்ற முறையில், முதன்முதலாகக் கிளி வளர்க்க விரும்பும் வடசென்னைக் குடும்பங்களுக்குச் சிலவற்றைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன். கூண்டு வாங்குவது கடைசி வேலை. அதற்கு முன்னால், வீட்டிலிருந்து அப்புறப்படுத்த வேண்டியவையே அதிகம்.

முதலில் எந்தக் கிளி என்பதில் தெளிவு வேண்டும். நம் மரங்களில் கூட்டமாக வந்து உட்காரும் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது குற்றம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு அது பாதுகாக்கப்பட்ட உயிரினங்களின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. 2024 ஏப்ரலில் கடலூர்ப் பக்கம் கிளி ஜோதிடர் ஒருவரிடமிருந்து வனத்துறையினர் கிளிகளைப் பறிமுதல் செய்த செய்தியைப் பலரும் படித்திருப்பார்கள். 'குஞ்சிலிருந்தே வளர்த்தது சார், ஒன்றும் ஆகாது' என்று யாராவது துணிப்பைக்குள் காட்டினால் நகர்ந்துவிடுவதே நல்லது. கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கப்படும் பட்ஜரிகர், காக்டெய்ல் போன்ற வெளிநாட்டு இனங்களை வளர்க்கத் தடையில்லை. ஆனால் சன் கன்னூர், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்றவற்றை வைத்திருப்போர், 2024-இல் வெளியான விதிகளின்படி, மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். சட்டம் ஒருபுறம் இருக்க, சன் கன்னூரின் கத்தலை ஒரு முறை காதால் கேட்டவர்கள், சுவரோடு சுவர் ஒட்டிய நம் லைன் வீடுகளுக்குள் அதைக் கொண்டுவரத் துணிய மாட்டார்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது புகையைப் பற்றித்தான். பறவையின் நுரையீரலோடு காற்றுப் பைகள் இணைந்திருப்பதால், மூச்சை இழுக்கும்போது மட்டுமின்றி விடும்போதும் அதன் நுரையீரல் வழியே புதுக் காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. பறப்பதற்குத் தேவையான இந்த ஏற்பாடே, நச்சுக் காற்றையும் நம்மைவிட வேகமாக அதன் உடலுக்குள் கொண்டு சேர்த்துவிடுகிறது. வடசென்னையின் ஒரு சராசரி வீட்டைக் கணக்கில் எடுத்துப் பாருங்கள்: வெள்ளிக்கிழமை சாம்பிராணி, மாலையில் கொசுவர்த்திச் சுருள், கரப்பானுக்கு ஸ்பிரே, தெருவில் மாநகராட்சியின் கொசுப் புகை வண்டி, போகிக்கு டயர்ப் புகை, தீபாவளிக்கு வெடிப் புகை. சாம்பிராணியைக் கிளி இருக்கும் அறைக்குள் கொண்டுவராமல் இருக்கலாம். சுருளுக்குப் பதில் ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்கலாம். புகை வண்டியின் சத்தம் கேட்டதும் ஜன்னலைச் சாத்தலாம். இவையெல்லாம் பழக்கத்தால் வந்துவிடும். பலருக்குத் தெரியாத ஆபத்து நான்ஸ்டிக் தோசைக்கல்லில் இருக்கிறது. மாவு ஊற்றாமல் அடுப்பில் மறந்துவிட்ட கல் அளவுக்கு மீறிச் சூடேறினால், அதன் டெஃப்ளான் பூச்சிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஆவி கிளம்பும். நமக்கு லேசாகத் தலை வலிப்பதற்குள் கூண்டிலிருக்கும் பறவை இறந்துவிடும். சமையலும் படுக்கையும் ஒரே அறையில் நடக்கும் வீடுகள் நம் பகுதியில் ஏராளம். அப்படிப்பட்ட வீட்டில் கிளி வளர்க்க விரும்புவோர் நான்ஸ்டிக் பாத்திரங்களை மொத்தமாக ஒழித்துவிட்டு இரும்புக் கல்லுக்குத் திரும்ப வேண்டும். அதற்கு மனமில்லையென்றால் கிளி வேண்டாம் என்பதே என் கருத்து.

வீட்டுக்கு வெளியிலிருந்து வரும் காற்று நம் கையில் இல்லை. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது மக்களே மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடி வந்தார்கள். மணலி, எண்ணூர்ப் பக்கம் இருப்பவர்கள் இதையும் யோசித்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

அடுத்தது மின்விசிறி. தாழ்வான கூரையில் ஓடும் விசிறியின் இறக்கையை மிரண்டு பறக்கும் பறவை கவனிக்காது. மே மாதத்தில் விசிறியை நிறுத்திவிட்டு நாம் உட்கார முடியாது. எனவே விசிறி ஓடும்போது கூண்டுக் கதவு தாழிட்டிருக்க வேண்டும், பறவையை வெளியே விடுவதெல்லாம் விடியற்காலையில்தான் என்று வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம்மும் குடமும் எப்போதும் மூடியிருக்கட்டும். கால் நழுவி உள்ளே விழுந்த கிளியால் வழவழப்பான விளிம்பைப் பிடித்து ஏறி வர முடியாது. பூனைக்கும் பெருச்சாளிக்கும் கூண்டு எட்டாமல் இருக்க வேண்டும் என்பதை நம் ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

கூண்டு விஷயத்தில், கடைக்காரர்கள் தள்ளிவிடும் குடை போன்ற வட்டக் கூண்டை வாங்காதீர்கள். பறவை பக்கவாட்டில் இறக்கையை வீசுவதால் உயரத்தைவிட நீளம்தான் முக்கியம். பட்ஜரிகர் இணைக்குக்கூட 2 அடிக்குக் குறையாத நீளம் வேண்டும், கம்பிகளுக்கு இடையில் அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. துத்தநாகப் பூச்சு உரியும் மலிவான கம்பியைக் கிளி கொறித்தால் அது விஷமாகிவிடும். கடையில் தரும் வழவழப்பான பிளாஸ்டிக் குச்சிகளை எடுத்துவிட்டு, வெவ்வேறு பருமனில் கொய்யா அல்லது வேப்பங்கிளைகளைக் கழுவி மாட்டினால் பாதங்களில் புண் வராது. கூண்டின் ஒரு பக்கம் சுவரோடு இருக்கட்டும். நான்கு பக்கமும் திறந்த இடத்தில் கிளிக்கு நிம்மதி கிடைக்காது. அடித்தட்டில் விரிக்கப் பழைய நாளிதழே போதும் (ஆசிரியர் பொறுத்தருள வேண்டும்). எச்சத்தின் நிறமும் அளவும் மாறினால் அதில் உடனே தெரிந்துவிடும். நோயை மறைத்துக்கொள்வது பறவைகளின் இயல்பு என்பதால் அந்தத் தாள்தான் முதலில் எச்சரிக்கும். அப்போது கடைக்காரரிடம் மருந்து கேட்டுக்கொண்டிருக்காமல் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஏற்கெனவே பறவை வைத்திருப்பவர்கள் புதிய பறவையை ஒரு மாதமாவது வேறு அறையில் வைப்பது அவசியம்; கிளிகளிடமிருந்து மனிதருக்கே பரவி நிமோனியா உண்டாக்கும் கிருமியும் உண்டு.

வெறும் தினையும் சூரியகாந்தி விதையும் போட்டு வளர்த்த கிளிக்குக் கொழுப்பு ஏறி, வைட்டமின் ஏ குறையும். முருங்கைக்கீரை, கேரட், வேகவைத்த சோளம் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் பழக்கலாம். பச்சை மிளகாயின் காரம் பறவைக்கு உறைக்காது. ஆனால் அவகேடோ, சாக்லேட், காப்பி, உப்புப் பண்டம் ஆகியவை அதற்கு ஆகாது. சுண்ணாம்புச் சத்துக்காகக் கடையில் காசு கொடுத்து வாங்கும் கணவாய் ஓடு, காசிமேட்டில் கணவாய் அறுப்பவர்களிடம் கேட்டால் சும்மாவே கிடைக்கும். ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டி எடுத்து, நல்ல தண்ணீரை மாற்றி மாற்றி உப்புப் போக ஊறவைத்து, கொதிக்கவிட்டு, மொட்டைமாடி வெயிலில் சுக்காகக் காயவைத்துக் கூண்டுக் கம்பியில் கட்டிவிட்டால், மிருதுவான பக்கத்தைக் கிளி மாவாகக் கொறித்துத் தின்னும்.

தூக்கத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கிளிக்கு இரவில் 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். ஒரே கூடத்தில் பதினொரு மணி வரை சீரியல் ஓடும் வீட்டில், கூண்டின் மேல் துணி போர்த்துவதால் மட்டும் அது தூங்கிவிடாது. கன்டெய்னர் லாரி போகும் சாலையோர வீடுகளில் காக்டெய்ல் நள்ளிரவில் திடுக்கிட்டு இறக்கையை அடித்துக்கொள்ளும். அதற்கு மட்டும் சின்ன விளக்கு ஒன்று எரியட்டும். காக்டெய்ல் 15 ஆண்டுகளுக்கு மேலும் உயிர் வாழும் என்பதால், வாடகைக்குக் குடியிருப்போர் வீட்டு உரிமையாளரிடம் முன்பே கேட்டுவிடுவதும் நல்லது. வியாசர்பாடி, கொடுங்கையூர் போன்று மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் பகுதிகளில் இருப்பவர்கள், கையில் தூக்கிக்கொண்டு மாடிக்கோ உறவினர் வீட்டுக்கோ போகக்கூடிய சிறிய கூண்டு ஒன்றையும் ஐப்பசிக்கு முன்பே வாங்கி வைத்து, பறவையை அதில் பழக்கிவிட வேண்டும்.

செல்லப்பிராணிக் கடைகள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்யப்பட வேண்டும் என்று 2018-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அந்தப் பதிவுச் சான்றைக் கடையில் கண்ணில் படும்படி மாட்டவும், கிளி வாங்குவோருக்கு மேற்கண்ட எச்சரிக்கைகளைத் தமிழில் ஒரு பக்கத் துண்டறிக்கையாகத் தரவும் வாரியமும் கால்நடை பராமரிப்புத் துறையும் இந்தக் கோடை விடுமுறைக்குள்ளாகவே ஏற்பாடு செய்ய வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.