அப்பா சுழித்து வைத்த சொல்

அன்புள்ள குல்தீப் நய்யார் ஐயா,

உங்களுக்கு என்னைத் தெரியாது. 2018 ஆகஸ்ட் 23 அன்று உங்களை வழியனுப்ப டெல்லி லோதி ரோடு மயானத்துக்கு வந்து பின்னால் நின்றவர்களில் நானும் ஒருவன். உங்களுக்கு 95 வயது நிறைந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அன்றைக்கே எழுத நினைத்த கடிதம் இது. போன மாதம் வீடு மாற்றும்போது அப்பாவின் டிரங்குப் பெட்டியில், பத்திரிகையாளரான நீங்கள் பேப்பர்களில் எழுதிவந்த பத்திகளை ஒட்டி வைத்த நோட்டு கிடைத்தது. இனியும் தள்ளிப்போட மனம் வரவில்லை.

டெல்லி ஆர்.கே.புரம் அரசு குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன் நான். உங்கள் பெயரைப் பார்த்து உங்களை மலையாளி என்றே அப்பா நினைத்திருந்தாராம். இன்று பாகிஸ்தானில் இருக்கும் சியால்கோட்டில் பிறந்தவர் என்று ஆபீஸில் ஒரு பஞ்சாபி நண்பர் சொல்லித்தான் தெரிந்ததாம். எங்களுக்குத் தமிழ்ப் பேப்பர் ஒரு நாள் தாமதமாகத்தான் கிடைக்கும். அதில் உங்கள் பத்தி மொழிபெயர்ப்பில் வந்தால், ஆங்கிலத்தில் வந்ததையும் வெட்டி எடுத்துப் பக்கத்தில் வைப்பார். "எந்த வார்த்தையை முழுங்கியிருக்காங்க, கண்டுபிடி" என்பார். ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வேலை முடிந்தால்தான் விளையாடப் போக முடியும். இன்று மொழிபெயர்ப்புதான் எனக்குச் சோறு போடுகிறது. உருதுப் பத்திரிகையில் தொடங்கி, உருதுக் கவிஞர் ஹஸ்ரத் மோகானி சொன்னதைக் கேட்டு ஆங்கிலத்துக்கு மாறியவர் நீங்கள். அதனால்தானோ என்னவோ, உங்கள் வாக்கியங்கள் தமிழுக்குச் சண்டை போடாமல் வந்தன.

அப்பா காமராஜர் பக்தர். அதனால் 1964 கதையை எத்தனை முறை சொன்னாலும் அலுக்காது அவருக்கு. நேரு இறந்த துக்கம் ஆறுவதற்குள், பிரதமர் போட்டியில் மொரார்ஜி தேசாய் இறங்கிவிட்டார் என்று யு.என்.ஐ. செய்தி நிறுவனத்தில் செய்தி கொடுத்தீர்கள். சிதைச் சூடு தணிவதற்குள் இவ்வளவு அவசரமா என்று எம்.பி.க்கள் முகம் சுளித்தார்கள். சாஸ்திரிக்காக ஒருமித்த கருத்தைத் திரட்டிக்கொண்டிருந்த காமராஜர், நாடாளுமன்றப் படிக்கட்டில் உங்கள் காதில் மெதுவாக நன்றி சொன்னார். இதை ஊருக்குச் சொன்னதே நீங்கள்தான். யாருக்கும் கெடுதல் நினைத்து அதை எழுதவில்லை என்றீர்கள். ஆனால் மொரார்ஜிக்கு அதனால் நூறு ஓட்டாவது போயிருக்கும் என்பதையும் மறைக்கவில்லை. அவர் உங்களை மன்னிக்கவே இல்லை. "தலைவர் நன்றி சொன்னதைப் பெருமையா எழுத ஆயிரம் பேர் இருக்கான். அது யாரைக் குத்துச்சுன்னு சேர்த்து எழுதினார் பாரு" என்பார் அப்பா. உங்கள் மேல் எனக்கு மரியாதை வந்தது அந்த இடத்தில்தான்.

நெருக்கடி நிலை வந்தபோது அப்பா கீழ்நிலை எழுத்தர். 1975 ஜூன் 25 இரவு டெல்லி பகதூர் ஷா ஜாஃபர் மார்க் சாலையில் இருந்த பத்திரிகை அலுவலகங்களுக்கு மின்சாரத்தை நிறுத்தியதை அவர் மறுநாள் பஸ்ஸில்தான் கேட்டாராம், அதுவும் கிசுகிசுப்பாக. மூன்றே நாளில் பிரஸ் கிளப்பில் நூறு பத்திரிகையாளர்களைத் திரட்டித் தணிக்கையை எதிர்த்தீர்கள். ஜூலையில் திகார் சிறை. உங்கள் மனைவி பாரதி அம்மா போட்ட ஆட்கொணர்வு மனுவில் தீர்ப்பு வருவதற்கு முன்பே அரசு உங்களை விட்டுவிட்டது. ஆனாலும் நீதிபதிகள் ரங்கராஜனும் அகர்வாலும் அரசுக்கு எதிரான தீர்ப்பைச் சொல்லியே தீர்த்தார்கள். அதற்காக ரங்கராஜனைக் குவாஹாட்டிக்கு மாற்றினார்கள். அகர்வாலைச் செஷன்ஸ் கோர்ட்டுக்கே இறக்கினார்கள். ரங்கராஜன் என்ற பெயரை எங்கள் வீட்டில் சொந்தப் பெரியப்பா பெயர் மாதிரி சொல்வோம்.

லண்டன் தூதர் பதவி, ராஜ்யசபா இதெல்லாம் அப்பாவைத் தொடவில்லை. பதவிக்குப் போனவர் என்று அந்த நாட்களில் உங்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படித்தார்.

வாகா மெழுகுவர்த்திதான் பெரிய சண்டை. ஆகஸ்ட் 14 உங்கள் பிறந்தநாள். அந்த இரவில்தான் வாகாவில், இந்திய-பாகிஸ்தான் எல்லையில், நட்பு வேண்டி மெழுகுவர்த்தி ஏந்தி நிற்பீர்கள். 1999 கார்கில் போரின்போது எங்கள் பிளாக்கில் ஒரு வீட்டுப் பிள்ளை ராணுவத்தில் இருந்தான். தினமும் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்த அப்பா, உங்கள் பத்தியை வெட்டுவதையே நிறுத்திவிட்டார். பையன் பத்திரமாகத் திரும்பிய பிறகும் கத்தரியைத் தொடவில்லை. அப்புறம் ஒருநாள், 1947 செப்டம்பரில் நீங்கள் எல்லை தாண்டிய கதையை நானே படித்துக் காட்டினேன். வழியில் ஒரு சீக்கியக் கிழவர் உங்கள் ஜீப்பை நிறுத்தி, பேரனை மட்டுமாவது இந்தியாவுக்குக் கூட்டிப் போகச் சொல்லிக் கெஞ்சுகிறார். உங்கள் நாளையே உங்களுக்குத் தெரியாத நிலையில் குழந்தையை வாங்காமல் வந்துவிடுகிறீர்கள். "அந்தக் குழந்தை வர்ற இடத்தை மட்டும் திரும்பப் படி" என்றார். படித்தேன். அடுத்த ஞாயிறு மேஜையில் கத்தரியும் கோந்தும் இருந்தன.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு தமிழ் நறுக்கு. 'மனசாட்சி' என்ற சொல்லைச் சிவப்புப் பென்சிலால் சுழித்துப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார் அப்பா. எதிர்ப்பக்கம் காலியாக இருக்கிறது. அதன் ஆங்கிலத்தைத் தேடி எடுத்துவிட்டேன். இன்று இரவு சாப்பிட்டதும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் வாசகரின் மகன்